கோடை இல்லாத தொட்டி

கண்ணாடித் தொட்டியில் நடுவதற்குச் செடி வாங்கப் போகிறவர் பார்ப்பது இலையை. நிறம், பருமன், நுனியின் நெளிவு, பின்னால் வைத்தால் உயருமா, முன்னால் வைத்தால் படருமா என்பதெல்லாம் இலையை வைத்துத்தான் தீர்மானமாகிறது. அந்த இலைதான் முதலில் அழுகப் போகிறது. கடைக்கு வரும் நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை பண்ணைகளில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை. வேர் மட்டும் ஈரத்தில், உடம்பு முழுக்கக் காற்றில். அப்படி வளர்த்தால் சீக்கிரம் வளரும், பாசி பிடிக்காது, நத்தை ஒட்டாது, பெட்டியில் அடுக்கி அனுப்பினாலும் வாடாது. காற்றில் கரியமில வாயு பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் அது தண்ணீரில் பரவுகிறது என்பதால், வெளியே நிற்கும்வரை செடிக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது. மெழுகு பூசி, மூச்சுத்துளை வைத்து, காற்றுக்காகவே அது கட்டிக்கொண்ட இலை அது. தண்ணீருக்குள் அமுக்கிய நாளிலிருந்து உதவாத உறுப்பு. வெளிறி ஊடுதெரியும், ஓட்டை விழும், கொழகொழத்து உதிரும். பிறகு கணுவிலிருந்து இன்னொரு இலை வருகிறது, மெல்லியதாக, மெழுகில்லாமல், சில சமயம் வேறு வடிவத்திலேயே. செடி பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்படுகிறோம். விரும்பி வாங்கியது போய், அந்த இடத்தில் நாம் பார்த்தே இராத ஒன்று நிற்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். தண்ணீர்ச் செடி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவை தண்ணீரிலேயே வாழப் பிறந்தவைதானா என்ற சந்தேகம்தான் உறுத்தலாக முளைத்திருக்க வேண்டும்.

எங்கள் கூடுவாஞ்சேரியில் வண்ணமீன் கடைகள் பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கின்றன. மீன் பெரும்பாலும் கொளத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவது. செடிகள் உள்ளே, வெளிச்சம் குறைந்த கடைசித் தொட்டியில், ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாகக் கிடக்கும். கொத்தமல்லிக் கட்டைப் புரட்டும் அதே கையோடுதான் நானும் புரட்டிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனால் அதே கட்டுகள் பாலித்தீன் பையில், பழைய மிக்ஸிகளுக்கும் புறாக் கூண்டுகளுக்கும் அருகே, வெயிலில் வெந்துகொண்டிருக்கும். “மொதல்ல எலை கொட்டும்ணா, பயந்துபோயி புடுங்கிடாதீங்க. வேர் புடிச்சிட்டா அதுவா வந்துடும்” என்று கடைப் பையன் சொல்லும்போது அவன் தாவரவியலைத்தான் சொல்கிறான். வாட்டர் விஸ்டீரியா என்று அவன் எடுத்துக் கொடுக்கும் செடி நம் ஏரிக்கரை நீர்முள்ளியின் நெருங்கிய உறவு. இரண்டும் ஹைக்ரோஃபிலா பேரினம். காற்றில் அதற்கு முழு இலை. தண்ணீருக்குள் போனால் அதே செடி சீப்பு சீப்பாகக் கீறிய இலையை விடுகிறது. எது அதன் சொந்த இலை என்று கேட்டால் கேள்வியே தவறு. மழைக்காலத்தில் முழுகி, பிறகு நீர் இறங்க இறங்கத் தலைதூக்கி, காற்றில் நின்று பூத்து விதைவிட்டு முடிக்கும் செடிக்கு இரண்டுமே சொந்தம்; முறைவைத்துச் சொந்தம். தொட்டிக்குள் அது முதல் பாதியை மட்டும் வாழ்கிறது. மூடிக்குக் கீழே வெட்டி வெட்டி நடப்பட்டு, பூக்காமல், மூப்படையாமல், என்றைக்கும் ஐப்பசி மாதத்திலேயே நின்றுவிடுகிறது.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட் என்று புதிதாகத் தொட்டி வைப்பவருக்குப் பரிந்துரைக்கும் பட்டியலை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசி இந்த இரண்டுங்கெட்டான் வாழ்க்கை வாழ்பவைதான். ஓடைக்கரைப் பாறையில் தொற்றிக்கொண்டிருப்பது, ஆற்றோரச் சேற்றில் பாதி வருடம் முழுகிக் கிடப்பது. கிரிப்டோகோரைன் வெண்டிடி இலங்கையைத் தவிர இயற்கையில் வேறெங்கும் இல்லாத செடி. 1958-ல் டி விட் என்ற டச்சுத் தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். இன்று உலகத்தின் எந்த ஊர் மீன் கடையிலும் கிடைக்கிறது. அதன் இந்தியத் தங்கையான கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸின் கிழங்கை நாட்டு அதிவிடயம் என்று நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டுகளாக விற்கிறார்கள். இடம் மாற்றி நட்டால் இந்த இனம் ஒரு வாரத்தில் இலை அத்தனையையும் கரைத்துவிடும். தொட்டிக்காரர்கள் உருகல் என்கிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், பிடுங்கி எறியத் தோன்றும். மண்ணுக்குள் கிழங்கு அப்படியே இருக்கும். ஏதோ ஒரு பருவம் முடிந்துவிட்டது என்று அந்தக் கிழங்கு புரிந்துகொள்கிறதோ என்னவோ. நான் மிகைப்படுத்துகிறேன் என்று தெரிகிறது. தண்ணீரின் உப்பு, வெளிச்சம், வெப்பம் திடீரென்று மாறினால் வரும் அதிர்ச்சி என்பதுதான் பொதுவான விளக்கம். ஆனால் ஆற்றோரச் செடிக்கு அப்படியொரு திடீர் மாற்றம் எப்போது வரும்? வெள்ளம் வரும்போதும் வடியும்போதும்தானே.

எந்தச் செடி என்பதை நாம் தீர்மானிக்கிறோம் என்பதும் பாதிதான் உண்மை. இங்கே போர்த் தண்ணீர். வாளி விளிம்பில், ஷவர் துளையில், பால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டுப் போகிற தண்ணீர். தொட்டியில் ஊற்றினால் கண்ணாடியில் நீர்மட்டம் இருந்த கோடுகளெல்லாம் சுண்ணாம்பு வரைந்ததுபோல் நிற்கும். கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள். இந்தத் தண்ணீரில் கரியமில வாயு வாயுவாக இருப்பது சொற்பம், கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. பள்ளிக்கூடத்து அறிவியல் செய்முறை ஒன்று எல்லோருக்கும் நினைவிருக்கும்: பீக்கரில் ஹைட்ரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதன்மேல் சோதனைக்குழாய், வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக ஏறும் ஆக்சிஜன். தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போடச் சொல்வார் வாத்தியார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. ஹைட்ரில்லாவுக்குப் பைகார்பனேட்டை உடைத்துக் கார்பன் எடுத்துக்கொள்ளத் தெரியும் என்பதுதான் காரணம். ஜகதீஷ் சந்திர போஸ் ஒளிச்சேர்க்கையைப் பற்றி 1924-ல் எழுதிய புத்தகத்துக்கான சோதனைகளில் இந்தச் செடியைத்தான் வைத்துக்கொண்டார். கூடுவாஞ்சேரியில் வாத்தியாருடைய சிட்டிகை தேவையில்லை, குழாயே போட்டுக் கொடுத்துவிடுகிறது. வேலிஸ்நேரியாவுக்கும் இந்த வித்தை தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை நீரோடைகளின் செக்கச்சிவந்த ரோட்டலா மக்ராண்ட்ராவுக்குத் தெரியாது. மென்னீரில் பிறந்தது, இங்கே கொண்டுவந்து வைத்தால் நுனி சுருங்கி, கீழிலை உதிர்ந்து, குச்சியாகிவிடும். சிலிண்டர் வைத்து வாயு செலுத்தலாம், ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம். ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீருக்குப் பின்னால் சாக்கடைக்குப் போகும் தண்ணீரை நினைத்தால், இந்த ஊரில் அதைச் செடிக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. சித்திரையில் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டும், ஆவியாகி இறங்கும், உப்பு மட்டும் தங்கும். இறங்கிய அளவுக்குப் போர்த் தண்ணீரையே ஊற்றி நிரப்ப நிரப்ப அது இன்னும் கடினமாகும். மழை வந்து கழுவிவிட்டுப் போகாத ஏரி அது.

இந்தத் தொழிலின் முதல் செடியே வேலிஸ்நேரியாதான். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் பன்னிரண்டு கேலன் தொட்டியில் இரண்டு தங்கமீனையும் கொஞ்சம் வேலிஸ்நேரியாவையும் விட்டு, தண்ணீரை மாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் விடும் மூச்சு செடிக்கு, செடி விடும் மூச்சு மீனுக்கு. கொஞ்ச காலத்தில் அழுகிய இலைகள் சேர்ந்து தண்ணீர் கலங்கிவிட்டது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். நத்தை அழுகலைத் தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, வட்டம் மூடிக்கொண்டது. வேதியியல் கழகத்தில் இதைப் படித்தும் காட்டினார். நூற்றெழுபது சொச்சம் ஆண்டுகளாக எல்லாத் தொட்டிக்காரர்களும் இந்த மூடிய வட்டத்தின் கனவில்தான் இருக்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. தீனி வெளியிலிருந்து வருகிறது, வெளிச்சம் மின்வாரியத்திலிருந்து வருகிறது, வெட்டிய தழை குப்பைக்குப் போகிறது. மூடியிருப்பது வட்டம் இல்லை, கண்ணாடி. வாரிங்டன் கதையில் எனக்குப் பிடித்தது அழுகிய இலைதான். அவருடைய சமன்பாட்டில் இறப்பதற்கு இடம் வைக்கவில்லை. நத்தை வந்துதான் அதைக் கணக்கில் சேர்த்தது. புதுத் தொட்டி வைப்பவருக்கு முதல் மாதத்துச் சங்கடமும் இதேதான். தண்ணீர் பளிங்காக இருக்கும், ஆனால் அழுகலைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறியிருக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கூட்டம் பெருக வாரங்கள் ஆகும். அதுவரை தாங்குவதற்காகத்தான் முதல் நாளே நெருக்கி நடச் சொல்கிறார்கள், அதுவும் வேகமாக வளரும் மலிவான செடிகளை. நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை விரும்பி உறிஞ்சும் செடிகள் அவற்றில் பல. ஹைட்ரில்லாவும், வேரே இல்லாத செராட்டோஃபில்லமும் அந்த வேலையைச் செய்து முடித்ததும் பிடுங்கப்பட்டுவிடும், அழகான செடிகளுக்கு இடம் வேண்டுமே. இந்த ஊரில் கட்டட வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைகள் வீடு முடிந்ததும் காணாமல்போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

மண் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, பளபளப்பான செயற்கை மண்ணுருண்டைக்குக் காசு கொடுக்காமல் தோட்ட மண்ணைப் போட்டு மேலே சரளை மூடுகிற வழக்கம் பரவியது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரருக்கு அதைவிடச் சுலபமான வழி, ஏரி வண்டல். ஒரு அங்குலம் வண்டல், அதன்மேல் ஒரு அங்குலம் சலித்து அலசிய கரட்டு மணல். அதற்குமேல் ஆழமாகப் போனால் அடியில் காற்றில்லாமல் அழுகி, குச்சியால் குத்தினால் கூமுட்டை நாற்றத்தோடு குமிழ் வரும். அலங்காரக் கல் என்று விற்கும் வெள்ளைக் கற்களும் கிளிஞ்சலும் இந்தத் தண்ணீரில் இன்னும் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். ஒரு துளி ஆசிட் விட்டால் நுரைக்கிற எதையும் உள்ளே போடக் கூடாது. பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லி நுரைக்காது. சார்னோகைட் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல் இங்கிருந்து போனது என்பதால், ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்த வகைப் பாறைக்கே சார்னாக்கின் பெயரை வைத்துவிட்டார். கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய பாறையைக் கப்பி மீன் ஒளிந்துகொள்ள வைத்திருக்கிறோம் என்பது தமாஷாகத்தான் இருக்கிறது.

வண்டலைப் போட்டவர்களுக்கு இன்னொன்று நடக்கும். நடாதது முளைக்கும். சரளைக்கு மேலே முதலில் பச்சை நூல் மாதிரி ஏதோ எழும், சாதாரணப் பாசி என்று நினைத்துத் துடைக்கப் போவோம். கிள்ளிப் பார்த்தால் மொறமொறவென்று உடையும், விரலில் சுண்ணாம்புத் தூள் ஒட்டும், மோந்தால் பூண்டும் சேறும் கலந்த ஒரு நெடி. கேரா, செடி போலவே நிற்கும் ஒரு பாசி. அதன் வித்துகள் காய்ந்த ஏரி மண்ணில் வருடக்கணக்காக உறங்கக்கூடியவை, தண்ணீர் வந்ததும் எழுந்துவிடுகின்றன. கடையில் யாரும் இதை விற்பதில்லை. பேசப்படும் செடிகளையெல்லாம் தேடி வாங்கி நட்ட தொட்டியில், தானாக வந்த இந்த ஒன்றுக்குத்தான் தண்ணீரைப் பற்றிய புகாரே இருப்பதில்லை. பிடுங்குவதா விடுவதா என்று கையை விட்டுக்கொண்டு யோசிக்கும்போது, இதுவரை செய்த தேர்வு எல்லாம் எதை அடிப்படையாக வைத்து என்ற கேள்வி வருகிறது.

ஏரியோரத்தில் வளர்பவற்றை நினைத்துப் பார்த்தால் அது ஒரு சமையற்கட்டு. ஆரைக்கீரை, அதாவது மார்சிலியா. அதன் உறவுகளை முன்பக்கப் புல்வெளிக்கென்று டிஷ்யூ கல்ச்சர் டப்பாவில் விற்கிறார்கள். தண்ணீருக்குள் போனால் நாலு இதழும் சுருங்கி ஒற்றை இதழாகிவிடுவதும் உண்டு. நீர்ப்பிரமி, கடையில் பக்கோபா. சிவப்புப் பொன்னாங்கண்ணியைக்கூடத் தொட்டிச் செடி என்று கட்டி விற்கிறார்கள். அது பார்க்க நன்றாக இருக்கும், கொஞ்ச நாள் நிற்கும், பிறகு தண்டு கறுத்து விழும், ஏனென்றால் அதற்குக் காலை நனைக்கத்தான் பிடிக்கும், முழுகப் பிடிக்காது. இவையெல்லாம் ஒரே இடத்தின் பயிர்கள். தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே, ஒரு மாதம் அங்கே ஒரு மாதம் இங்கே என்று நகர்ந்துகொண்டிருக்கும் அந்த விளிம்பின் பயிர்கள். அந்த விளிம்பை நன்றாக அறிந்தவர்கள் கீரை பறிக்கப் போன பெண்களும் ஆடு மாடு மேய்த்தவர்களும்தான். சி.டி.கே. குக் 1996-ல் இந்திய நீர்த் தாவரங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அதைப் புரட்டும்போது எனக்குத் தோன்றியது, நீர்த் தாவரம் என்று தலைப்பில் சேர்த்தவற்றில் எத்தனை எத்தனை, வருடத்தில் பாதி நாள் நீரில்லாமல் வாழ்கின்றன என்பதுதான்.

நம் பக்கத்து ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் மண்ணைக் கொட்டி, மதகும் கலங்கலும் வைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் எதுவரை வரும் என்பதை அந்தந்த வருடத்து மழை சொல்லும். கார்த்திகையில் ஓர் இடம், தையில் ஓர் இடம், பங்குனியில் இன்னோர் இடம். உள்வாய் என்று சொல்லும் அந்த நிலத்தில்தான் மேற்சொன்ன அத்தனையும் வளர்ந்தன. இப்போது நந்திவரத்திலிருந்து தாம்பரம்வரை எந்த ஏரியைப் பற்றிப் பேசினாலும் இரண்டே விருப்பங்கள். ஒன்று, எப்போதும் நிறைந்து நிற்க வேண்டும், சுற்றிலும் கரை, கரைமேல் நடைபாதை, விளக்கு, இரும்பு பெஞ்ச். இன்னொன்று, எப்போதும் காய்ந்து கிடக்க வேண்டும், மனை போட வசதியாக. இரண்டுக்கும் நடுவில் இருப்பது யாருக்கும் வேண்டாம். ஆழப்படுத்தி, நாலு பக்கமும் கரை எழுப்பி, கல் பதித்ததும் ஏரி தொட்டியாகிவிடுகிறது. கண்ணாடி மட்டும்தான் பாக்கி. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிப்படி ஏறிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு. அது போக வேண்டிய அகலத்தில் நகர்கள் இருந்தன. இதைச் சொல்கிற எனக்கும் இங்கே வீடு இருக்கிறது, விளிம்பின் மீது அன்பு காட்டுவது சுலபம், விளிம்பு வாசற்படிக்கு வந்தால் மோட்டார் வைத்து இறைப்பேன். ஆழமில்லாத தண்ணீர் என்றால் கொசு, பாம்பு, சேறு. 2021-ல் நகராட்சியான ஊரில், கொசுப்புழு பார்க்க வருகிற பெண்கள் டார்ச் அடித்துத் தேடுவது அந்தத் தண்ணீரைத்தான், கொட்டிவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் செய்வது சரி. டெங்குவின் முன்னால் ஆரைக்கீரைக்காக வாதாட எனக்குத் துணிவில்லை.

தொட்டிச் செடி வெளியேறிய கதைகளை நினைத்தால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. நம் குளத்து ஹைட்ரில்லா 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போய், கால்வாயில் விழுந்து, இன்று அமெரிக்க நீர்நிலைகளின் மிக மோசமான களைகளில் ஒன்று. எதிர்த்திசையில் தென் அமெரிக்காவின் கபோம்பா ஃபர்காட்டா வந்தது. 2020-ல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளபாண்டியில் நீர்ப்பரப்பு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தபோது, பார்க்கவும் படமெடுக்கவும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பறித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள், அதை இன்னும் பரப்பப் போகிறோம் என்று தெரியாமல். அந்தப் படங்களை நானும் ரசித்தேன். அழகாகத்தான் இருந்தது. வெட்டிய தழையை ஏரியில் எறிந்தால் என்ன, ஏரிக்கும் செடி கிடைக்குமே என்று நல்ல மனத்தோடு கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. ஒரு கணு போதும். மொட்டை மாடியில் மொறுமொறுப்பாகக் காயவைத்துக் கறிவேப்பிலைக்குப் போடுவதுதான் வழி. வெயில் மட்டும் இங்கே பஞ்சமில்லை.

நீர்ச்செடித் தோட்டக்கலையை உலகத்துக்கே கற்றுக்கொடுத்த ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) ஒரு புகைப்படக்காரர். மழைக்காடுகளைப் பெரிய ஃபிலிமில் எடுத்தவர், அந்தக் கண்ணோடுதான் தொட்டிக்கு வந்தார். லிஸ்பன் நகரத்தில் அவர் கடைசியாகச் செய்த தொட்டி நாற்பது மீட்டர் நீளம். அவருடைய படங்களின் முன்னால் எனக்கு மரியாதையும் வரும், மூச்சுமுட்டலும் வரும். ஒவ்வொரு செடியும் தன் உச்சத்தில் இருக்கும் ஒரு நாளுக்காக மாதக்கணக்கில் கத்தரித்து, அந்த நாளில் படமெடுப்பது. மறுநாளைக்குப் படம் கிடையாது. காட்டைப் போலவே இருக்கிறது என்று பாராட்டுகிறோம், ஆனால் எந்தக் காட்டிலும் எல்லா இலையும் ஒரே நாளில் இளமையாக இருப்பதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, திருமண மண்டபத்து வரவேற்பில் இருக்கும் வாஸ்து தொட்டியின் பிளாஸ்டிக் செடிக்கும் இதே ஆசைதான், செலவு மட்டும் குறைவு.

கடையில் தூக்கமாகக் கிடக்கும் பழுப்புக் கிழங்கு ஒன்று உண்டு, ஒன்றை வாங்கினால் இரண்டு வாரத்தில் அலையலையான நீண்ட இலைகளை மேலே அனுப்பிவிடும். அபோனோஜெட்டான். அதில் ஓர் இனம்தான் நம் கொட்டி. வற்றிய குளத்தை விட்டுப் பறவை மாதிரிப் பறக்காமல் அங்கேயே கிடப்பவையாக மூதுரை சொல்லும் மூன்றில் ஒன்று. இலங்கையில் கெகட்டிய என்று தண்டைக் கறிவைத்துச் சாப்பிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில், நந்திவரம் பக்கமே பிறந்து வளர்ந்த ஒரு ஆயா தொட்டியைப் பார்க்க வந்தபோது மீனைப் பார்க்கவில்லை. “இது கொட்டிக்கெழங்குல்ல தம்பி? ஏரி காஞ்சா தோண்டுவோம். அவிச்சா மாவா இருக்கும்” என்றார். கண்ணாடியில் விரலை வைத்துக் கிழங்கிருக்கும் இடத்தைத் தேடினார். பிறகு கேட்டார்: “காயவே உடாம வெச்சிருந்தா கெழங்கு எப்பிடிப்பா எறங்கும்?” தாவரவியல் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. இந்தப் பேரினத்தில் பலவற்றுக்கு ஓய்வு வேண்டும். இலை எல்லாம் உதிர்ந்து, சேமித்ததோடு கிழங்கு மண்ணுக்குள் அடங்கி, கோடையைத் தாண்டி, மழைக்கு எழுவது. ஓய்வு கிடைக்காத கிழங்கு சில காலம் இலையை விட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் சிறிய இலை, பிறகு ஒருநாள் மணலுக்குள் விரலை விட்டால் கூழ். பராமரிப்பில் குறை எதுவும் இருந்திருக்காது. தண்ணீர் சுத்தம், வெளிச்சம் எட்டு மணிநேரம், உரம் கணக்காக. குறைந்தது ஒரு பங்குனி.

தொட்டிக்குக் கோடையை வரவழைக்க முடியுமா என்பதுதான் இப்போதைய யோசனை. அதன் பாதி வேலையைத் தொட்டிக்காரர்கள் ஏற்கெனவே வேறு காரணத்துக்காகச் செய்கிறார்கள். புதுத் தொட்டியில் ஈர மண்ணில் நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, வேர் பிடிக்கும்வரை வாரக்கணக்கில் புழுங்கவிடுவது. வருகிறவர்கள் தண்ணி எங்கே என்று கேட்பார்கள். அதையே ஆண்டுக்கொரு முறை செய்தால் என்ன? மாசியிலிருந்து ஆவியான தண்ணீருக்கு ஈடு ஊற்றாமல், மட்டத்தை மெல்ல இறங்கவிட்டு, விஸ்டீரியா தலையை வெளியே நீட்டி முழு இலை விடட்டும், பூக்கட்டும், கிரிப்டோகோரைன் கரைந்தால் கரையட்டும். வேலிஸ்நேரியா ஒத்துவராது, அது முழு நீர்ச்செடி, அதற்கென்று ஒரு மண்சட்டியில் நீர் வைக்க வேண்டும். அதன் ஆண் பூ அறுந்து மேலே மிதந்து, சுருள் காம்பில் நீர்மட்டத்துக்கு வந்து நிற்கும் பெண் பூவைத் தேடிப் போகும் கதைக்கும் அசையாத நீர்ப்பரப்பு வேண்டும், ஃபில்டர் சலசலக்கும் தொட்டியில் அதுவும் நடப்பதில்லை. பங்குனிக் கடைசியில் ஈர மண் மட்டும் இருக்கும். ஆனி, ஆடிவரை. இதெல்லாம் நாடகம்தானே, குளிர்சாதன அறையில் கோடையை நடிப்பது என்று ஒரு நண்பர் சொன்னார். என்றைக்கும் ஐப்பசி என்று இதுவரை நடித்துக்கொண்டிருந்ததும் நாடகம்தான் என்று பதில் சொன்னேன், சொல்லும்போதே அது முழுப் பதில் இல்லை என்று தெரிந்தது. செடிக்குக் கோடை வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு ஏன் அது வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்லத் தெரியவில்லை. கடைப் பையன் இதைவிட நேரான ஆள். “கெழங்க மட்டும் எடுத்து ஈர மணல்ல சுத்தி ஃபிரிட்ஜ் காய்கறி டிரேல ரெண்டு மாசம் வையுங்கண்ணா, தொட்டியை எதுக்குக் காயப் போடறீங்க” என்றான். வீட்டில் அதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. மண்ணோடு இருப்பது காய்கறிப் பக்கத்தில் வேண்டாம் என்கிறார்கள், தொட்டியைக் காயவிட்டால் மீனை எங்கே விடுவது என்றும் கேட்கிறார்கள். மாடியில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது, அடியில் விரிசல். அதைப் பூசிக்கொடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.